ஹாங்காங்கில் ஒரு ஐஸ் பெட்டி

“யாரு அங்கிள் இந்த ஆளு? சீனுக்கு சீன் ஐஸ் பொட்டியத் தூக்கினு குறுக்கால பூந்து படத்தையே கெடுக்கறான்!”

சொல்லிவிட்டு அஜின் சிரித்தான். அந்த ஹாலில் அவன் மட்டும்தான் சிரித்தான்.

சோபாவின் மறுகோடியில் சவரிமுத்து அசையாமல் இருந்தார். டீ கொண்டுவந்த மகிமா நடுவழியிலேயே நின்று கண்ணால் ஏதோ ஜாடை காட்டினாள். காதலி கண்ணால் சொல்வதைப் புரிந்துகொள்கிற திறமை அஜினுக்குக் கொஞ்சம் கம்மி. உற்சாகமாகத் தொடர்ந்தான்.

“லண்டன்னு எழுத்துப் போடறாங்க. அங்கயும் அதே ஆளு, அதே லுங்கி! டைரக்டர் தூங்கிட்டாரா அங்கிள்?”

சவரிமுத்து டிவியை அணைத்தார்.

“தம்பி, டீ குட்ச்சிட்டு கெளம்பு.”

பெண் கேட்க வந்தவன் டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பினான். தெருமுனை தாண்டுவதற்குள் மகிமாவின் போன் வந்துவிட்டது.

“அறிவிருக்காடா உனக்கு? அந்த ஐஸ் பொட்டி ஆளு எங்கப்பாடா!”

அஜின் பக்கத்திலிருந்த பைக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அது யாருடைய பைக் என்று பார்க்கவில்லை.

‘மூன்றாவது நங்கூரம்’ என்கிற உளவாளிப் படத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். லண்டன், ரோம், ஹாங்காங் என்று உலகம் சுற்றுகிற கதை. தயாரிப்பாளரிடம் அவ்வளவு பணம் இல்லாததால் மொத்த உலகத்தையும் ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் நடுவிலேயே எடுத்து முடித்தார்கள். கூட்டத்தில் நடக்க ஆள் வேண்டும் என்று அக்கம்பக்கத்தையே கூப்பிட்டார்கள். அதனால் அந்தப் பகுதியில் அந்தப் படத்தைக் கதைக்காகப் பார்ப்பவர் எவருமில்லை. கதாநாயகன் ஏஜென்ட் பாஸ்கர் குண்டடிபட்டு விழுந்தால்கூட, “தா பாரு, பின்னால எங்க மாமன்!” என்றுதான் கத்துவார்கள். அவரவர் வீட்டு ஆளை அவரவர் தேடிக்கொள்வது அங்கே எழுதாத சட்டம். தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்திருந்தும் அஜினுக்கு இந்தச் சட்டம் தெரியாமல் போனது. அவன் அப்பா நாகர்கோவிலிலிருந்து வந்து இரும்புக் கடை வைத்தவர். படம் எடுத்தபோது அவர் குடும்பம் இங்கே இல்லை.

மகிமா தன் காதலைச் சொன்னபோது சவரிமுத்து போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. “லவ்வா? நம்ம வூட்ல அந்தப் பேச்சே கெடயாது! கோயில்ல தாலி கட்டறப்பதான் உங்கம்மா மூஞ்சியவே பாத்தேன் நானு. அவ திருவொத்தியூர், நான் காசிமேடு. பெரியவங்க பாத்து முட்ச்சாங்க. குடும்பம்னா அதான்!” துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், உயரத்திலிருந்து பேசிப் பழகிய குரல். மனைவி ஞானபாக்கியம் மூன்று நாள் பேசாமலிருந்து சாதித்ததில்தான், பையனைப் பார்க்கவாவது சம்மதித்தார். அதற்கும் ஒரு நிபந்தனை. “நம்ம படத்தப் போடறேன். அத்த ரசிக்கத் தெரிஞ்சவன்னா மேல பேசலாம்.”

அந்தப் பரீட்சையில்தான் அஜின் இப்படி முட்டை வாங்கினான்.

மறுநாள் வேலை முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனான். வெறுங்கையோடு போகலாமா? வழியில் ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட்டில் வஞ்சிரம் ஒரு கிலோ வாங்கிக்கொண்டான்.

வாசலில் கெங்கம்மா மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். ஞானபாக்கியத்தோடு திருவொற்றியூரில் ஒரே பெஞ்சில் படித்தவள். இந்தத் தெருவுக்கு மீன் கொண்டுவருவது சாக்கு, தோழியோடு வாயாடுவதுதான் வேலை. அஜின் கையிலிருந்த பிளாஸ்டிக் பொட்டலத்தை வாங்கி, மோந்து பார்த்து, திருப்பிக் கொடுத்தாள்.

“நைனா, இந்த மீனு செத்து உன் வயசு ஆவும் போல கீதே!”

உள்ளேயிருந்து வந்த சவரிமுத்து பொட்டலத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். “காசிமேட்டுக்காரன் வூட்டுக்கு எவனாச்சும் கடை மீனு வாங்கினு வருவானா?”

அஜின் அவசரமாக விஷயத்துக்கு வந்தான். “அங்கிள், சாரி. சத்தியமா அது நீங்கன்னு எனக்கு அடையாளமே தெரியல. அப்ப அவ்ளோ ஸ்மார்ட்டா இருந்தீங்க.”

“அப்ப?”

“இப்பவும்தான் அங்கிள்! நேத்து ராத்திரியே உக்காந்து படத்தை மறுபடி முழுசா பாத்துட்டேன். நீங்க வர்ற சீனெல்லாம் சூப்பர்.”

உண்மையில் அவன் நேற்று இரவு தலையணையில் முகம் புதைத்துப் படுத்ததோடு சரி.

சவரிமுத்துவின் முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது. “அப்டியா? ஹாங்காங் சீன்ல நான் கட்டினு கீற லுங்கி இன்னா கலரு?”

அஜின் சிலுவை போடாத குறை. “நீலம், அங்கிள்.”

“ஹாங்காங்ல எனக்கு பேன்ட்டு குட்த்தாங்கடா! படத்துலயே ஒரே ஒரு தபா பேன்ட்டு போட்டது அங்கதான்!”

கதவு சாத்தப்பட்டது. கெங்கம்மா மட்டும் பரிதாபப்பட்டு, “கருவாடுன்னு சொல்லி குட்த்திருந்தா வாங்கினு இருப்பாரு நைனா” என்றாள்.

அன்று இரவு மகிமா அழுதுகொண்டே பேசினாள். “ஞாயித்துக்கிழமை கடைசியா ஒரு சான்ஸ் தரச் சொல்லி அம்மா கேட்டிருக்காங்க. அதுவும் போச்சுன்னா, அத்தை பையன் மஸ்கட்லேர்ந்து வரான்டா. அப்பா போட்டோ கேட்டு அனுப்பிட்டாரு.”

மஸ்கட்காரன் அந்தப் படத்தைப் பார்க்கவே வேண்டாம். சொந்தம் என்ற ஒன்றே போதும்.

காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் அஜின் பாதுகாப்பு மேற்பார்வையாளன். கம்பெனி பஸ்ஸில் போக வேண்டும். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினால் ஒரு படம் முடிந்து அடுத்த படத்தின் பாதி ஓடிவிடும். மறுநாளே செல்போனில் ‘மூன்றாவது நங்கூர’த்தைத் திறந்தான்.

முதலில் லுங்கிகளை மட்டும் குறித்துக்கொண்டான். லண்டனில் கட்டம் போட்டது, ரோமில் காவி, ஹாங்காங்கில் பேன்ட். மனப்பாடம் ஆயிற்று. ஆனால் திரும்புகிற வழியில், வேறு வேலையில்லாமல், மறுபடி ஓடவிட்டான். அப்போதுதான் என்னவோ ஆயிற்று.

ராயபுரம் ஸ்டேஷன் தூண்களில் காகித விளக்கைத் தொங்கவிட்டு ஹாங்காங் ஆக்கியிருந்தார்கள். ஐஸ் பேக்டரிதான் வில்லனின் ரகசியக் குகை. முந்தாநாள் இதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தவனுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. கையில் ஒன்றுமே இல்லாமல் உலகத்தையே கட்டியிருக்கிறார்களே என்று தோன்றியது. விடியலில் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுகத்துக்குள் வருகிற ஒரு காட்சி. வசனமில்லை, இசையுமில்லை. பாஸ்கர் கரையில் நின்று பார்த்துக்கொண்டேயிருக்கிறான். அஜின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே அதே கடல்தான் இருந்தது. இத்தனை வருஷமாகப் பார்க்காமல் போனோமே என்று நிஜமாகவே வெட்கப்பட்டான்.

அதற்கப்புறம் அந்தப் படம் அவனை விடவில்லை. கேன்டீனில் பார்த்தான். குளிக்கப் போகும்போது எடுத்துப் போய் அம்மாவிடம் திட்டு வாங்கினான். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று கிடைத்தது. வெள்ளிக்கிழமை, பஸ் நகராமல் நின்றபோது, மிகப் பெரிய ஒன்று கிடைத்தது. “அடப்பாவி!” என்று அவன் கத்தியதில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் விழித்து வண்டியை எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் சவரிமுத்து படத்தைப் போட்டார். ஞானபாக்கியம் வழக்கம்போல அடுப்படிக்குள் போய்விட்டார். இந்தப் படம் ஓடினால் அவர் ஹால் பக்கமே வருவதில்லை. பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது என்று மகிமா நினைத்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லு தம்பி. இன்னா ரசிச்ச?”

அஜின் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

“அங்கிள், இந்தப் படத்துல பாஸ்கர் உளவாளியே இல்ல. நிஜமான உளவாளி நீங்கதான்.”

சவரிமுத்து சோபாவின் நுனிக்கு நகர்ந்தார்.

“யோசிச்சுப் பாருங்க. லண்டன், ரோம், ஹாங்காங் எல்லா ஊர்லயும் இருக்கற ஒரே ஆளு யாரு? ஐஸ் பொட்டிக்காரரு. சுத்தி எல்லாரும் கேமராவைப் பாக்கறாங்க, நீங்க பாக்கல. காரியத்துல கண்ணா இருக்கீங்க. மூஞ்சில ஒரு தவிப்பு. அதெல்லாம் சொல்லிக்குடுத்து வராது அங்கிள். பாஸ்கர் பொம்மை. படத்தைத் தாங்கறது நீங்க.”

சவரிமுத்துவின் கண் கலங்கிவிட்டது. ராயபுரமே அவரைத் திரையில் பார்த்துக் கை தட்டியிருக்கிறது. ‘நடித்தார்’ என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

“பாக்கியம்! கேட்டியா? மாப்ள இன்னா சொல்றாருன்னு கேட்டியா?”

மாப்ள! மகிமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தோடு அஜின் உட்கார்ந்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் இப்போது அவன் மாப்பிள்ளையாக வேண்டுமென்று பேசவில்லை, ரசிகனாகப் பேசிக்கொண்டிருந்தான். ரசிகனுக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியாது.

“இருங்க அங்கிள், இன்னும் மெயின் பாயின்ட்டே சொல்லல. நீங்க யாரப் பின்தொடர்றீங்கன்னும் கண்டுபுட்ச்சிட்டேன்!”

“அதெல்லாம் வேணாம். ரிமோட்ட இங்க குடு.”

“ஒரே நிமிஷம்.” படத்தை நிறுத்தினான். “லண்டன். உங்களுக்கு முன்னால பாருங்க, பச்சைப் புடவைல ஒரு பொம்பள.” ஓட்டினான். “ரோம். அதே பச்சைப் புடவை. ஹாங்காங். அதே பொம்பள! ஒரு சீன்லயும் மூஞ்சி தெரியாது, முதுகுதான். உங்க கண்ணு அவங்க மேலயே இருக்கு.”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

“ஆமாம்ப்பா!” என்றாள் மகிமா.

“அது மட்டுமில்ல. ஒவ்வொரு தடவையும் மூலை திரும்பறதுக்கு முன்னால அவங்க நிக்கறாங்க. நீங்க கிட்ட வந்தப்பறம்தான் திரும்பிப் போறாங்க. நீங்க வரணும்னே நிக்கறாங்க! அதான் அங்கிள், எதிரி நாட்டு ஏஜென்ட்!”

சவரிமுத்து துள்ளி எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

“பொம்பள பின்னால சுத்தற ஆளா நானு? கேமராக்காரன் அங்க பாருன்னான், பாத்தேன்! அவ யாருன்னே எனக்குத் தெரியாது! லவ் பண்றவன் புத்தி லவ்வாவேதான் பாக்கும். மாப்ளயும் கெடயாது, ஒன்னியும் கெடயாது. எழுந்து போடா!”

அஜினுக்கு ஒன்றும் புரியவில்லை. மஸ்கட்காரன் விமானத்தில் ஏறுவது மட்டும் கண்முன் தெரிந்தது. மகிமா அழ ஆரம்பித்தாள். ஞானபாக்கியம் கையில் கரண்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார். படம் ஓடும்போது அவர் அங்கே வந்து நிற்பது இதுதான் முதல் தடவை. புருஷனையும் பார்க்கவில்லை, டிவியையும் பார்க்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது தெருக்கதவைத் தள்ளிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மீனோடு கெங்கம்மா வந்தாள். டிவியில் பச்சைப் புடவை அசையாமல் நின்றிருந்தது. கூடையை இறக்கப் போனவள் அதைப் பார்த்ததும், இறக்காமலே இடுப்பில் கை வைத்தாள்.

“ஏண்டி பாக்கியம், ‘ஐஸ் பொட்டிக்காரரு கண்ல படறா மாரி நாலு வாட்டி நடந்துட்டு குட்த்துடறேன்’னு வாங்கினு போனியே, அந்தப் பச்சப் பொடவ… இன்னும் என் கைக்கு வர்லடி!”