கலர்ப்பொடி டீச்சரின் அரோரா

காய்ச்சலுக்கே நிறம் சொல்லி லீவு கேட்ட ஆள் உலகத்திலேயே எங்கள் கலர்ப்பொடி டீச்சர் ஒருவர்தான். ஸ்ரீரங்கத்தில் நான் கணக்கு எடுக்கும் ஆரம்பப் பள்ளியில் அவர் டிராயிங் டீச்சர். "இன்னிக்கு எனக்கு மஞ்சளா இருக்கு சார், ஹெச்.எம். கிட்ட சொல்லிடுங்க" என்று போன் வரும். மஞ்சள் என்றால் காய்ச்சல், சாம்பல் என்றால் மனசு சரியில்லை. கேட்டுக் கேட்டு எங்களுக்கும் பழகிவிட்டது.

காந்தி மார்க்கெட்டுக்கு அவரோடு ஒருமுறை போனவர்கள் மறுமுறை போவதில்லை. கத்தரிக்காயை வெயிலில் தூக்கிப் பிடித்து, இதே ஊதாவில் இன்னும் கொஞ்சம் நீலம் கலந்தது இருக்கிறதா என்று கேட்பார். கடைக்காரர் என்னைப் பார்ப்பார். நான் வெங்காயத்தைப் பார்ப்பேன்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் செல்போனில் அரோராவைப் பார்த்துவிட்டார். துருவப் பக்கத்து வானத்தில் பச்சையும் ரோஜா நிறமுமாக ஒளி ஆடுமே, அதுதான். மறுநாளே மூன்றாம் வகுப்பில் ஆரம்பித்தாயிற்று. சூரியனிலிருந்து ஒரு காற்று கிளம்பி வந்து நம் பூமியின் காற்றில் மோதும், உடனே வானம் கலர்கலராக மின்னும் என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பில் என் வாய்ப்பாடு நின்றுபோனது. பிள்ளைகள் வரைந்தார்கள், எழுதினார்கள். யாரோ பச்சைப் புடவையை வானத்தில் காயப்போட்டுவிட்டுக் கிளிப் போட மறந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாள் யாஸ்மின் என்ற சிறுமி. அதைப் படித்துவிட்டு டீச்சர் ஸ்டாஃப் ரூமில் குதித்தார்.

ஹெச்.எம். குதிக்கவில்லை. "ஸ்ரீரங்கத்துல வராத ஒண்ண எதுக்கு டீச்சர் சொல்லித் தரீங்க?"

"பனிக்கரடிகூடத்தான் இங்க வராது மேடம். புத்தகத்துல இருக்கே."

அந்தப் பதில் வினையாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வருகிறார், அவருக்குத் திருப்தி இல்லையென்றால் டிராயிங் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் ஹெச்.எம். கணக்கு என்றால் நான். அன்று முழுக்க டீச்சர் என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்புத் தரை முழுக்கக் கருப்புத் துணி விரித்து, அதன்மேல் பிள்ளைகள் கலர் கோலப்பொடியால் அரோரா போட்டிருந்தார்கள். அப்படியொரு அழகு! பச்சை அலையலையாகப் போய் ஓரத்தில் ரோஜாவாக முடிந்தது. பசை தடவியிருக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "கோலத்துக்கு யாராவது பசை போடுவாங்களா சார்?" என்று கேட்டார் டீச்சர்.

அதிகாரி வியர்த்து விறுவிறுத்து வந்தார். வந்தவரை உபசரிக்க வேண்டாமா? ஹெச்.எம். தன் கையாலேயே ஃபேனைப் போட்டார், அதுவும் ஐந்தில்.

மொத்த அரோராவும் எழுந்தது. பச்சையும் ரோஜாவும் சுழன்று, ஜன்னல் வெயிலில் மின்னி, அதிகாரியின் மீசையைப் பச்சையாக்கி, ஹெச்.எம்.மின் வெள்ளைப் புடவையை ரோஜா நிறமாக்கிவிட்டு மெல்ல இறங்கியது. டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பீரியடு போயிற்று என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

யாஸ்மின்தான் எழுந்து நின்றாள். "சார், ஃபேன்தான் சூரியன். அதுலேர்ந்துதான் காத்து வந்துச்சு. இப்ப நீங்க துருவத்துல நிக்கிறீங்க."

அதிகாரி மீசையைத் தடவி விரலைப் பார்த்தார். "பொடி மிச்சம் இருக்காம்மா? இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

பீரியடு பிழைத்தது. டீச்சர்தான் இந்த வருடம் சமயபுரம் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். புது டீச்சர் வரும்வரை அந்த பீரியடு என் கையில்தான் இருக்கிறது, எனக்குத்தான் அதில் கணக்கு நடத்தப் பிடிக்கவில்லை. ஃபேன் இறக்கையில் இன்னும் கொஞ்சம் பச்சை ஒட்டியிருக்கிறது. போன வாரம் அதைத் துடைக்க ஆயா ஏணியோடு வந்தார்.

"இன்னிக்கு எனக்குச் சாம்பலா இருக்கு ஆயா," என்றேன். "அது அப்படியே இருக்கட்டும்."