சூரியன் வந்தாத்தான் படம் விழும்

எழுபத்திரண்டாம் வருஷத்துப் பனிக்காலம் முழுவதும் தினம் ஒரு போட்டோ எடுப்பது என்று நான் முடிவு செய்தேன். கலை ஆர்வம் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு. தூக்க ஆர்வம்தான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாப்பிரெட்டிப்பட்டிப் பனியை நீங்கள் பார்த்ததில்லை. சித்தேரி மலை ராத்திரி முழுக்கச் சேர்த்து வைத்த குளிரை விடியற்காலையில் மொத்தமாக இறக்கும். அதுவும் ஊரில் அத்தனை கொல்லை இருக்க, எங்கள் கொல்லையில் மட்டும் இறக்குகிறது என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். அந்தக் கொல்லையில்தான் வெந்நீர் அடுப்பு இருக்கிறது. ஐந்து மணிக்கு யாராவது ஒருவர் எழுந்து, கிணற்றில் தண்ணீர் சேந்தி, அண்டாவை நிரப்பி, ஈர விறகோடு மல்லுக்கட்டி அதைப் பற்றவைக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த யாராவது ஒருவர் என் மனைவி காசியம்மாள். இந்த ஏற்பாட்டில் நான் ஒரு குறையும் கண்டதில்லை.

கார்த்திகை பிறந்ததும் ஒரு நாள், எனக்கு மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"இந்த வருஷம் வெந்நீர் அடுப்பு உங்களுதுங்க."

"என்னுதா?"

"ஆமாங்க. எனக்கு இடுப்பு வலிக்குது. பனி போற வரைக்கும் நீங்க எந்திரிச்சு பத்த வைங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

காசியம்மாள் கத்தினால் எனக்குப் பயமில்லை. கத்தி ஓய்ந்துவிடுவாள். மெதுவாகச் சொன்னால்தான் ஆபத்து. நான் விவசாய டிப்போவில் குமாஸ்தா. பத்து மணிக்கு விதை மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார வேண்டியவன், ஐந்து மணிக்கே எழுந்து அந்த ஐந்து மணி நேரத்தை என்ன செய்வது? கம்பளிக்குள் படுத்து ராத்திரி முழுக்க யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் தெய்வம் பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கியது. தெய்வத்தின் பெயரே முனியப்பன். என் சகலை. காசியம்மாளின் அக்கா கண்ணம்மாளோடு அரூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்தார். தான் புதுக் கேமரா வாங்கிவிட்டதால் பழையதை எனக்குக் கொண்டுவந்திருந்தார். சின்னப் பெட்டி. வயிற்றோடு அணைத்துப் பிடித்து ஒரு விசையைத் தட்டினால் வேலை முடிந்தது.

"சூரியனை முதுகுப் பக்கம் வெச்சுக்கிட்டு எடுங்க, குப்புராஜ்," என்றார். "வெயில் இல்லேன்னா படம் விழாது. அப்படி வெயில் இல்லாத நேரத்துல எடுக்கணும்னா..."

அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. வெயில் இல்லையென்றால் படம் விழாது! அடடா, எவ்வளவு அருமையான கருவி!

அவர்கள் ஊருக்குப் போனதும் காசியம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"காசி, இந்தப் பனிக்காலம் முழுக்க நம்ம வூட்டைத் தினம் ஒரு படம் எடுக்கப்போறேன். நாம எப்படி வாழ்ந்தோம்னு நம்ம பொண்ணு நாளைக்குப் பார்க்க வேண்டாமா?"

"அவ இங்கதானுங்க இருக்கறா. தெனமும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கறா."

"உனக்குப் புரியாது. இது கலை."

"இருக்கட்டுமுங்க. அதுக்கும் வெந்நீர் அடுப்புக்கும் என்னாங்க?"

"படம் எடுக்கறவனுக்குக் கை நடுங்கக் கூடாது. விடியக்காலம் கிணத்துத் தண்ணியில கையை விட்டா நாள் பூரா நடுங்கும். படமெல்லாம் கலங்கிடும்."

"அப்ப அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, நான் பத்த வைக்கறப்ப பக்கத்துல நின்னு படம் எடுங்க."

"ஐயோ, சூரியன் வந்தாத்தான் படம் விழும், காசி! சூரியனே எந்திரிக்காத நேரத்துல நான் எந்திரிச்சு என்னா பண்றது?"

அவள் கேமராவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது.

"இந்த ஓட்டை எதுக்குங்க?"

எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று பெண்டாட்டியிடம் சொல்லிப் பழக்கமும் இல்லை.

"அதுவா? உள்ள காத்துப் போறதுக்கு. கேமராவும் மூச்சு விடணுமில்ல?"

"ஓ," என்றாள். "பாவம், நல்லா மூச்சு விடட்டுமுங்க."

அந்த 'ஓ'வை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்காமல் போய்க் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து கலைப்பணி ஆரம்பமாயிற்று. எட்டு மணிக்கு, வெயில் புளியமரத்தைத் தாண்டிக் கொல்லைக்கு வந்தபிறகு, கலைஞன் எழுந்து வருவான். உடம்பு முழுக்கக் கம்பளி, தலையில் குரங்குக் குல்லா, வயிற்றில் கேமரா. சகலை சொன்னபடி சூரியனை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு நிற்பான். முதுகுக்கு இதமாகவும் இருக்கும்.

"காசி, கண்ணை மூடிட்ட. அந்தக் குடத்தைக் கீழ வெச்சுட்டு மறுபடியும் தூக்கு."

தூக்குவாள்.

"காசி, அடுப்புல தீயே தெரியலியே. அணைச்சுட்டு மறுபடியும் பத்த வை."

"தண்ணி காஞ்சு, எல்லாரும் குளிச்சாச்சுங்களே."

"கலைக்காக பத்த வை."

பத்த வைப்பாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டாள். எங்கள் மகள் ராஜாமணிக்குத்தான் வாய். அவளை ஒரு நாள் அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து, "குளிருல நடுங்கற மாதிரி இரு, கண்ணு," என்றேன்.

"குளிரு போயி ரொம்ப நேரமாச்சுப்பா. வேர்க்குது."

"பரவாயில்ல, நடுங்கு."

"நீங்க முன்னாடியே எந்திரிச்சிருந்தா நெசமாவே நடுங்கியிருப்பேன்."

பத்து வயசுக்கு இந்தப் பேச்சு யாரிடமிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் காசியம்மாள் போகப் போக மாறினாள். எனக்கே ஆச்சரியம். தானாகவே வந்து கேட்க ஆரம்பித்தாள். "இன்னிக்கு நான் விறகு பிளக்கறதை எடுங்க." "இன்னிக்குக் களி கிண்டறதை எடுங்க, நல்லா கெட்டியா கிண்டறேன்." "இன்னிக்கு உங்க வேட்டியைக் கல்லுல அடிக்கறதை எடுங்க." ஒரு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் நின்றாள். "இதையும் ஒண்ணு எடுத்துக்கோங்க," என்றாள். என்ன பாவம்! என்ன உணர்ச்சி! இத்தனை வருஷம் ஒரு கலை மனசோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், தெரியவே இல்லையே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

படச்சுருள் தீரத் தீர தர்மபுரிக்குப் போய் ஸ்டுடியோ முனாப் பாயிடம் கழுவி வாங்கி வந்தேன்.

"சார், எல்லாப் படத்துலயும் கீழ ஒரு நிழல் விழுதே," என்றார் பாய்.

"அது கலைஞனோட கையெழுத்து, பாய்."

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் படங்களை உறையில் போட்டுக் கொடுத்தார்.

பொங்கலுக்கு என் அக்கா நஞ்சம்மாள் மாரண்டஹள்ளியிலிருந்து வந்தாள், ஒரு கோணிப்பை நிறைய அவரைக்காயும் தக்காளியுமாக. அம்மா இல்லாத என்னைத் தூக்கி வளர்த்தவள். உலகத்தில் காசியம்மாள் எதிர்த்துப் பேசாத ஒரே ஆள். நான் எதிர்த்துப் பேசப் பயப்படும் முதல் ஆளும் அவள்தான். இரண்டாவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கதையே. 'என் தம்பி மாடா உழைக்கறான்' என்பது அக்கா எப்போதும் சொல்லும் வாக்கியம். அக்காவின் வாயாலேயே, இனி வருஷா வருஷம் பனிக்காலத்தில் போட்டோ எடுப்பதுதான் என் வேலை என்று ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் போதும். ஆயுசுக்கும் கம்பளி எனக்கு. நானே ஆல்பத்தைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன்.

அக்கா ஒவ்வொரு படமாகப் புரட்டினாள். காசியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். முகத்தை நிமிர்த்தவில்லை.

"இதுல காசி தண்ணி சேந்தறா. இதுல காசி விறகு பிளக்கறா. இதுல காசி அடுப்பு ஊதறா." அக்கா நிறுத்தினாள். "ஏன்டி காசி, இதுல இடுப்பைப் புடிச்சுக்கிட்டு நிக்கறியே, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க அண்ணி. கார்த்திகையிலிருந்து வலிதான்."

அக்கா இன்னும் இரண்டு பக்கம் புரட்டினாள். பிறகு ஒரு படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாத்துலயும் கீழ கருப்பா விழுந்து கெடக்குதே, இது என்னாடி? கரடி மாதிரி?"

"அது உங்க தம்பிங்க அண்ணி. கம்பளி போத்திக்கிட்டு நிக்கறாருங்க."

அக்கா ஆல்பத்தைப் பட்டென்று மூடினாள்.

"ஏன்டா," என்றாள் அக்கா. "இத்தனை படத்துல நீ செய்யற வேலை ஒண்ணு கூட இல்லியே?"

"நான்தான் படம் எடுத்தேன், அக்கா. எடுக்கறவன் படத்துல விழ மாட்டான்."

"நீ படத்தை எடுத்த, சரி. இடுப்பு வலிக்காரி கையிலிருந்து ஒரு குடத்தை எடுத்தியா?"

நான் ஆல்பத்தை மெல்ல என் பக்கம் இழுத்தேன். அக்கா விடவில்லை.

"நாளையிலிருந்து நீதான் வெந்நீர் அடுப்பு பத்த வைக்கற," என்றாள். "சிவராத்திரி வரைக்கும். நீ பத்த வைக்கறதை காசி தெனமும் ஒரு படம் எடுக்கட்டும். எடுத்த படத்தையெல்லாம் மாரண்டஹள்ளிக்கு அனுப்புங்க. ஒரு நாள் கொறைஞ்சாலும் பஸ் ஏறி வந்துருவேன்."

போச்சு என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த நிமிஷம் மூளையில் சூரியன் உதித்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னேன்:

"தாராளமா பத்த வைக்கறேன், அக்கா. ஆனா இருட்டுல படம் விழாதே. சூரியன் வந்தாத்தானே விழும்? அதனால எட்டு மணிக்குத்தான் பத்த வைக்க முடியும். இல்லேன்னா நீ எப்படி நம்புவ?"

அக்கா யோசித்தாள். "அப்படியாடி காசி?"

"ஆமாங்க அண்ணி," என்றாள் காசியம்மாள் பரம சாதுவாக. "சூரியன் வேணும்னுதான் இவரு சொல்லுவாருங்க."

பார்த்தீர்களா, என் பெண்டாட்டியே சாட்சி! எட்டு மணிக்கு ஒரு குச்சியைக் கிழித்துப் போட்டு ஒரு படத்துக்குச் சிரித்துவிட்டால் முடிந்தது. குளிக்கிற வெந்நீரை எப்போதும்போல யாராவது ஒருவர் ஐந்து மணிக்குக் காய்ச்சித்தானே ஆகவேண்டும். என்னை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

ஐந்து மணிக்குக் கம்பளி பறந்தது.

"எந்திரிங்க."

"சூரியன்..."

"வரும், எந்திரிங்க."

அக்கா அடுத்த அறையில் இருமினாள். அது வெறும் இருமல் இல்லை. எழுந்தேன். கிணற்றுக் கயிறு பனியில் நனைந்து கையைக் கடித்தது. அண்டாவை நிரப்பினேன். விறகு பற்றவில்லை. குந்தி உட்கார்ந்து ஊதினேன், கண்ணில் புகை, மூக்கில் தண்ணீர். கும்மிருட்டு. போகட்டும், படம் விழாது, அக்காவுக்கு ஆதாரம் கிடையாது, இந்த ஒரு நாளோடு சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு கடைசியாக ஒரு ஊது ஊதினேன். குப்பென்று பற்றியது.

அப்போது எங்கள் கொல்லையில் பளீரென்று சூரியன் உதித்து, உடனே அஸ்தமித்தது.

எனக்குக் கண்ணே தெரியவில்லை. தடவித் தடவித் திரும்பினேன். காசியம்மாள் கேமராவோடு நின்றாள். கேமராவின் தலையில் கிண்ணம் மாதிரி பளபளவென்று ஒரு தட்டு, அதற்கு நடுவில் ஒரு பல்பு. அதிலிருந்து ஒரு ஒயர் வந்து, பக்கவாட்டு ஓட்டைக்குள் போயிருந்தது.

"என்னா அது?"

"பிளாஷுங்க. இருட்டுல எடுக்கறதுக்கு. எங்க கண்ணம்மா அக்கா, கேமரா வந்த அன்னிக்கே எங்கிட்ட குடுத்துட்டுப் போச்சு, ஒரு டப்பா பல்போட. அரிசிப் பானையில வெச்சிருந்தேன்."

"அன்னிக்கேன்னா... அந்த ஓட்டை எதுக்குன்னு என்னைக் கேட்டியே?"

"நீங்க என்னா சொல்லுவீங்கன்னு பார்த்தேங்க. மூச்சு விடறதுக்குன்னீங்க."

அடுத்த அறையில் அக்கா சிரிப்பது கேட்டது. காசியம்மாள் பொசுங்கிய பல்பை முந்தானையால் பிடித்துக் கழற்றினாள். புதுசு ஒன்றை நிதானமாக மாட்டினாள். கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"கண்ணை மூடிட்டீங்க. அடுப்பை அணைச்சுட்டு மறுபடியும் பத்த வைங்க."