அரைலிட்டர் வீட்டில் பத்து மாடு

"நாளைக்குக் காலையில நம்ம வீட்டுக்கு அதிகாரி மாடு எண்ண வர்றாராம்" என்று மனைவி சொன்னதும், அரைலிட்டரின் கையிலிருந்த வைக்கோல் கட்டு நழுவி அவர் காலிலேயே விழுந்தது.

அவரிடம் இருந்தது ஒரே மாடு. அது நாளெல்லாம் யோசித்து அரை லிட்டர் கறக்கும். அவருக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். ஆனால் கறவை மாட்டு மானியத்துக்கு அவர் எழுதிக் கொடுத்திருந்தது பத்து. மானியம் மூன்று வருஷமாகத் தடங்கலில்லாமல் வந்துகொண்டிருந்தது. பிடிபட்டால் அத்தனையையும் திருப்பிக் கட்ட வேண்டும். இருக்கிற ஒரு மாடும் போய்விடும்.

"எழுதறப்பவே மூணு, நாலுன்னு நிறுத்தியிருக்கக் கூடாதா?"

"கை ஓடிடுச்சு."

"ஓடின கையை இப்ப வந்து பதில் சொல்லச் சொல்லுங்க."

பால் வண்டிக்காரர் ரகசியமாக ஒரு நம்பர் கொடுத்தார். மாடு வாடகைக்கு விடும் ஓர் அம்மாளின் நம்பர் அது. குரலே கோர்ட்டு மாதிரி இருந்தது.

"ஒன்பதா? அனுப்பறேன். வேளாவேளைக்குத் தண்ணி காட்டணும். சாயங்காலம் திரும்பிடணும்."

விடிந்ததும் லாரியிலிருந்து ஒன்பது மாடுகள் இறங்கின. ஒவ்வொன்றும் யானைக்குத் தங்கச்சி. நாலாவது நுழைந்தபோது கொட்டகையின் கூரை அதன் முதுகில் உட்கார்ந்துவிட்டது. இரண்டைக் கட்டில் காலில் கட்டினார்கள். கட்டில் வாசல்வரை நடந்து வந்தது. இன்னொன்று சமையலறையில் நின்று காலண்டரை டிசம்பர் வரை தின்று முடித்தது.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்தது. அதிகாரி இறங்கினார்.

"பத்தும் உங்க மாடுதானே?"

"பெத்த பிள்ளைங்க மாதிரிங்க."

"அப்ப இந்தச் சிவப்பைக் கொஞ்சம் கறங்க, பார்ப்போம்."

அரைலிட்டர் செம்போடு உட்கார்ந்தது மாட்டடியில். எழுந்தது எருக்குழியில். செம்பு அடுத்த தெருவில் விழுந்த சத்தம் கேட்டது.

"தினமும் இப்படித்தாங்க விளையாடும்" என்றார் குழிக்குள்ளிருந்து.

அதிகாரி சட்டைக்கையை மடித்துக்கொண்டு, வாளியோடு தானே உட்கார்ந்தார். சிவப்பு கண்ணை மூடிக்கொண்டு வாளி வழியக் கறந்தது. பிறகு அவர் கழுத்தை ஆசையாக நக்கியது. மற்ற எட்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு, கட்டிலையும் இழுத்துக்கொண்டு வந்து அவரைச் சூழ்ந்து நின்றன. அரைலிட்டரின் சொந்த மாடு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஐயாவுக்கு மாட்டுப் பழக்கம் உண்டோ?"

"எல்லாம் படிச்ச படிப்பு. ஆமா, காலையில இதுங்களுக்குத் தண்ணி காட்டினீங்களா இல்லையா?" அதிகாரியின் குரல் தழுதழுத்தது. "வயிறு எப்படி ஒட்டிப்போயிருக்கு, பாருங்க."

அரைலிட்டருக்கு ஜெயில் கதவு சாத்துகிற சத்தமே காதில் விழுந்தது. அதிகாரியோ "பத்தும் சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

"பாவம், ஒண்ணும் தெரியாத மனுஷன். நல்லா இருக்கட்டும்" என்றாள் மனைவி.

ஜீப் டிரைவர் மட்டும் இறங்கித் திரும்பி வந்து, அரைலிட்டரின் காதோரம் குனிந்தார்.

"அண்ணே, இருட்டறதுக்குள்ள மாடுங்களை ஐயா வீட்டுல கொண்டுவந்து விட்டுடணுமாம், வீட்டம்மா போன்ல கத்தறாங்க, நாளைக்குப் பக்கத்து ஊர்ல ஐயா இதுங்களைத்தான் எண்ணணும்."