பெட்டிக்கு மெமரி மாட்டிய விவரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அதற்குக் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நம் வீட்டில் போன் வந்தால் உன் அம்மா உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் சொல்கிற ரகசியம் கீழ் வீடு வரைக்கும் போய்ச் சேர்கிறது. அதனால்தான் காகிதம்.

முதலில் என் மானம் போன இடத்தை நானே சொல்லிவிடுகிறேன். நீ வாங்கி வைத்துவிட்டுப் போன சேமிப்புப் பெட்டி, அதுதான் வீட்டுப் படம் வீடியோ எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்குமே, அது நாலைந்து மாதமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. உன் அம்மா ஒரு படத்தைத் தொட்டால் அது திறப்பதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிடும். மெமரி பத்தவில்லை, ரெண்டு ஜிபிதான் இருக்கிறது, எட்டு வாங்கிப் போடுங்கள் என்று நீ சொன்னாய் அல்லவா, கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நீளமாக ஒரு பட்டையும் குட்டையாக ஒரு பட்டையும் எடுத்து வைத்து, எது வேண்டும் என்றாள். இரண்டும் ஒரே விலை. ஒரே விலைக்கு எவனாவது குட்டையை வாங்குவானா? நீளத்தை எடுத்துக்கொண்டு, "என்னை ஏமாத்த முடியாதும்மா" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருக்கிற இடம் அதில் பாதிதான். மறுபடி போய் நின்றேன். அந்தப் பெண் குட்டைப் பட்டையைத் தயாராக எடுத்து வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து கொண்டுவந்த சின்னத் திருப்புளியோடு உட்கார்ந்தேன். மேல் வீட்டு எலெக்ட்ரீஷியன் படியில் பார்த்தபோது, உடம்பில் மின்சாரம் இருக்கும், இரும்பு எதையாவது தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். எவ்வளவு நேரம் தொட வேண்டும் என்று சொல்லவில்லை. எதற்கு வம்பு என்று ஃபிரிட்ஜை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்துத்தானா உன் அம்மா வர வேண்டும்? முப்பத்தொரு வருஷத்தில் தனக்கு இப்படி ஒரு யோகம் வாய்க்கவில்லையே என்று ஃபிரிட்ஜிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மூடியைக் கழற்றி, பழைய பட்டையை எடுத்து, திருகாணிகளைச் சாஸரில் போட்டு வைத்திருந்த நேரத்தில் போன் அடித்தது. உன் அண்ணன். உன் அம்மாவின் போனில் இல்லை பாப்பா, என் போனில்.

பதினாலு மாதமாக எனக்கும் அவனுக்கும் பேச்சில்லை. எங்கள் கண்ணாடிக் கடையில் முதலாளியிடம் நான் கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலையை விட்டுவிட்டு வீடியோ எடிட்டிங் செய்யப் போகிறேன் என்று அவன் சொன்னபோது, கடையில் நாலு பேர் பார்க்க, "ரெண்டே மாசத்துல திரும்பி வந்து நிப்பே" என்று சொன்னவன் நான்தான். அவனும் என் பிள்ளைதானே, வந்து நிற்கவே இல்லை. அம்மாவோடு பேசுவான், அதுவும் நான் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து.

"பெட்டி ஏன் ஆஃப் ஆகியிருக்கு?" என்றான். அப்பா என்றுகூட ஆரம்பிக்கவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன்ல காட்டுது."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. உன் அம்மா தினமும் ஏதாவது ஒன்றை வீடியோ எடுத்துப் பெட்டியில் போடுகிறாளாம். படிக்கட்டில் வந்து படுக்கிற பூனை, கொடியில் காய்கிற என் சட்டை, நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற நான். இவன் அங்கே இருந்து எல்லாவற்றையும் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். பாவம், இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தன், நடுவில் ரெண்டு ஜிபியை வைத்துக்கொண்டு பெட்டி என்னதான் செய்யும்?

மெமரி மாற்றுகிறேன் என்றேன். "நீங்களா?" என்றான். குரலில் அப்படி ஒரு பயம். "கையை எடுங்க. நான் சொல்ல சொல்ல செய்யுங்க. பட்டையில சின்னதா ஒரு வெட்டு இருக்கும், அது எந்தப் பக்கம் இருக்கு?"

"என் பக்கம்."

"உங்க பக்கம்னா எது?"

"நான் உட்கார்ந்திருக்கிற பக்கம்டா."

"நான் அங்க இல்லையேப்பா" என்றான்.

சாஸரில் கிடந்த திருகாணிகளை எண்ணினேன். நாலு இருந்தன.

பட்டையைச் சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தினால் 'கிளிக்' என்று சத்தம் வருமாம், வந்தால் பொருந்திவிட்டது என்று அர்த்தமாம். வரவில்லை என்றேன். எடுத்துவிட்டு மறுபடி மாட்டச் சொன்னான். மாட்டினேன், வரவில்லை என்றேன். கண்ணாடி போட்டிருக்கிறேனா என்று கேட்டான். தடவிப் பார்த்தால் நெற்றியில் இருக்கிறது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவன் லட்சணம் இது. மூன்றாம் தடவைக்கும் நாலாம் தடவைக்கும் நடுவில், நான் கேட்காமலே, வேலை நன்றாகப் போகிறது, இரண்டு பேரைச் சேர்த்திருக்கிறேன் என்றான். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். ஐந்தாம் தடவையும் ஆகவில்லை. ஒரு மணி நேரம் ஓடிப்போயிருந்தது.

"விட்டுடுங்கப்பா. சனிக்கிழமை நான் வந்து பார்க்கறேன். அதுவரைக்கும் அந்தப் பெட்டிப் பக்கமே போகாதீங்க."

சரி என்றேன். அவன் வருகிறான் என்று சொன்னதிலிருந்து உன் அம்மா அவன் தலையணைக்கு மூன்று முறை உறை மாற்றிவிட்டாள்.

நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். பாசத்தில் போன் செய்து, "நான் வழி சொல்றேன்ப்பா, அஞ்சு நிமிஷ வேலை" என்று கிளம்பிவிடாதே. உன் அப்பாவுக்கு இதெல்லாம் கைவராது என்று விட்டுவிடு. மாப்பிள்ளைக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள். தொட்டதெல்லாம் உங்களுக்குத் துலங்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: மேலே என் கைத்திறமையைப் பற்றி எழுதியிருப்பதை நம்பாதே. கடுகு மாதிரி இருக்கிற திருகாணியை இருபத்தாறு வருஷமாகக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுகிற கை இது. அவன் போனை வைத்ததும் மாட்டி, ஆன் செய்து பார்த்தேன். எட்டு ஜிபி காட்டியது. படமெல்லாம் விரல் படுவதற்கு முன்னால் திறக்கிறது. உடனே அணைத்து, ஒயரைப் பிடுங்கி, பட்டையைப் பாதி கழற்றி வைத்திருக்கிறேன். உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. முதல் தடவை அழுத்தியபோதே, "சத்தம் வந்துச்சாப்பா?" என்று கேட்டான். இல்லை என்றேன்.

வந்தது.