உடும்பு முதலாளியின் ஊடக ஆலோசகர்

ஒரு காட்டில், ஏரி வற்றிக் கிடந்த பொட்டலில், நெடுங்காலன் என்றொரு ஆள்காட்டிக் குருவி வாழ்ந்து வந்தது. புலி நடந்தாலும் கத்தும், பூனை நடந்தாலும் கத்தும். கத்துவது அதன் சுபாவம் என்று ஊரார் சொல்வார்கள். அது மட்டும் புலனாய்வு என்று சொல்லிக்கொள்ளும். 'கானகக் குரல்' பத்திரிகையில் அதற்குத் தலைமை நிருபர் உத்தியோகம். ஆசிரியர் ஓர் ஆமை. எவ்வளவு சூடான செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அவர் படித்து முடிப்பதற்குள் ஆறிவிடும். சம்பளமும் அவர் கையால்தான் வரவேண்டும் என்பதால் அதுவும் அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் நெடுங்காலனின் மனைவி மேகலை, கூழாங்கற்களுக்கு நடுவே நாலு முட்டை இட்டது.

"பொரிஞ்சு வரப்போற நாலு வாய்க்கு உங்க பேரும் புகழும் போதுமாங்க?" என்று கேட்டது.

நெடுங்காலன் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உடும்பு முதலாளியிடமிருந்து ஆள் வந்தது. பொன்னுடும்பு குழுமத்தின் தலைவர் அவர். யார் கூட்டில் எப்போது புகுந்து எதைத் தின்றார் என்று காட்டுக்கே சொன்னது நெடுங்காலன்தான். 'முட்டைத் திருடன்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்ததும் அதுவே. ஆகவே நடுங்கிக்கொண்டேதான் அவருடைய புற்றுக்குப் போயிற்று.

"உட்காருங்க தம்பி," என்றார் முதலாளி. "உங்க கட்டுரை ஒண்ணு விடாம படிக்கிறேன். அருமையான நடை."

"அதுல உங்களைத் திருடன்னு எழுதியிருந்தேன் சார்."

"அதைத்தான் சொல்றேன். இன்னிக்கும் எல்லார் வாயிலயும் அந்த வார்த்தைதான். அப்படி எழுதறவர் எனக்காக எழுதினா எப்படி இருக்கும்?"

மறுப்பதற்கு நெடுங்காலன் ஒரு நல்ல வாக்கியம் தயாராக வைத்திருந்தது. பத்திரிகை அறம், பேனாமுனை எல்லாம் அதில் இருந்தன. அதற்குள் முதலாளி, பக்கத்தில் கறையான் நிறைந்து கிடந்த புற்றைக் காட்டி, "அது முழுசும் உங்களுக்கு," என்றார். வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

'உள்ளே போய்த் திருத்தப்போகிறேன்' என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தது. இரண்டாவது தடவை சொன்னபோது அதற்கே சிரிப்பு வந்தது.

அலுவலகத்தில் பிரிவுபசார விழா நடந்தது. ஆசிரியர் ஆமை, "நம் அறம் இன்று ஒரு சிறகை இழந்தது," என்று நா தழுதழுக்கப் பேசினார். நிருபர் கரிச்சான் குருவி முகம் கொடுத்தே பேசவில்லை. டீ குடிக்கும்போது மட்டும் ஓரமாக ஒதுங்கி வந்து, "அண்ணே, அங்க இன்னொரு இடம் காலி இருக்கா?" என்று கேட்டது. ஆசிரியரும் அதையே கேட்கத் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் நெடுங்காலன் வீடு வந்து சேர்ந்துவிட்டது.

புது வேலை சுலபமாகத்தான் இருந்தது. முதல் நாளே 'திருட்டு' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'முட்டை மறுவாழ்வுத் திட்டம்' என்று போட்டது. ஆலமரத்தடியில் பத்திரிகையாளர் சந்திப்பு வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் வெட்டுக்கிளி வடை கொடுத்தது. கூட்டத்தில் ஒரு காடை எழுந்து நின்றது.

"மறுவாழ்வுக்குப் போன என் முட்டைங்க இப்ப எங்க இருக்கு?"

"நல்ல கேள்வி," என்றது நெடுங்காலன். "அடுத்த கேள்வி?"

நிருபராக இருந்த காலத்தில் இதே பதிலைக் கேட்டு எத்தனை தடவை பல்லைக் கடித்திருக்கும், பல் இல்லாவிட்டாலும். காடை உட்கார்ந்துகொண்டது. அது பார்த்த பார்வை நெடுங்காலனுக்குக் கொஞ்ச நேரம் உறுத்தியது. ஒரு வடை தின்றதும் சரியாயிற்று.

கூட்டம் கலைந்தபின் முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். "எப்படி தம்பி இவ்வளவு லாகவமா திசை திருப்பறீங்க?"

பாராட்டு என்றால் பத்திரிகைக்காரனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். இத்தனை வருஷத்தில் ஆமை ஆசிரியர் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை, ஆரம்பித்திருக்கலாம், முடிக்கவில்லை.

"பரம்பரைத் தொழில் சார்," என்றது நெடுங்காலன். "எங்க கூடு வெறுந்தரையில. யாராவது வந்தா முட்டைகிட்ட வாயே திறக்க மாட்டோம். தள்ளிப்போய் ஒண்ணுமில்லாத இடத்துல நின்னு உயிர் போற மாதிரி கத்துவோம். வர்றவன் அங்கேயே தேடிட்டுப் போயிடுவான்."

முதலாளி நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டார். "அப்போ நீங்க கத்தற இடத்துல முட்டை இருக்காது."

"இருக்கவே இருக்காது சார்."

"சத்தம் வராத இடத்துல இருக்கும்."

"கரெக்டா பிடிச்சுட்டீங்க சார்," என்று நெடுங்காலன் பூரித்துப்போயிற்று.

இதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னபோது மேகலைக்கு மூச்சே நின்றுவிட்டது.

"நுணலும் தன் வாயால் கெடும்னு வாரம் தவறாம எழுதுவீங்களே, அது அடுத்தவங்களுக்கு மட்டுமா? முட்டை திங்கறவர்கிட்டப் போய் முட்டை இருக்கற இடத்துக்கு வழி சொல்லிட்டு வந்திருக்கீங்க. சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறதுன்னா இதுதான்."

அப்போதுதான் நெடுங்காலனுக்கு உறைத்தது.

மறுநாள் காலையில் முதலாளி பொட்டலுக்கு நடைப்பயிற்சி வந்தார். இத்தனை நாளும் நெடுங்காலன் கத்திய பக்கமே போய் ஏமாந்து திரும்பியவர், அன்றைக்கு நின்று நிதானமாகக் காது கொடுத்தார்.

"தள்ளிப்போய்க் கத்துங்க," என்றது மேகலை, பழக்கதோஷத்தில்.

"கத்தினா நேரா இங்கதான் வருவார்."

"அப்போ சும்மா இருங்க."

"சும்மா இருந்தாலும் வருவார்."

மேகலை ஒரு கணம் முட்டைகளைப் பார்த்தது, ஒரு கணம் புருஷனைப் பார்த்தது. "அப்போ இங்கேயே நின்னு உண்மையைச் சொல்லுங்க. நீங்க சொன்னா யாரு நம்பப்போறா?"

நெடுங்காலன் முட்டைகளுக்கு மேலேயே கால் பரப்பி நின்று அலறியது.

"காட்டு மக்களே, உடும்பு முதலாளி முட்டைத் திருடர். மறுவாழ்வுத் திட்டம் சுத்தப் பொய். அந்தப் பொய்யை எழுதினவன் நான்தான். என் நாலு முட்டையும் இதோ என் காலடியில இருக்கு. அதைத் திங்கத்தான் அவர் வர்றார்."

ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அதன் வாழ்நாளிலேயே சிறந்த செய்தி அதுதான். சொல்லும்போது கண்ணீர்கூட வந்துவிட்டது.

மரத்தில் இருந்த கரிச்சான், "புது விளம்பரம் போலிருக்கு, வித்தியாசமா பண்றாங்க," என்றது. பொட்டலின் அந்தக் கோடியில் புதருக்குள் காடை மறுபடியும் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. அதுவும் கேட்டது. 'கூலிக்குக் கத்தறவன் பேச்சைக் கேட்டு யாராவது எழுந்து ஓடுவாங்களா' என்று அசையாமல் இருந்துவிட்டது.

முதலாளி கண்ணைச் சிமிட்டினார். "பிரமாதம் தம்பி, அசல் அழுகை மாதிரியே இருக்கு," என்று சொல்லிவிட்டு, சத்தமே இல்லாத புதர்ப் பக்கம் திரும்பி நடந்தார்.

அந்தப் புதரில் இருப்பது யார் என்று நெடுங்காலனுக்குத் தெரியும். அங்கே பறந்துபோய்க் கத்தினால் அவர் திரும்பிவிடுவார் என்றும் தெரியும். திரும்பினால் நேரே எங்கே வருவார் என்றும் தெரியும். அது நின்ற இடத்திலேயே நின்று, குரல் கட்டும்வரை உண்மையைக் கத்திக்கொண்டிருந்தது.

காடை தப்பியது. முட்டைகள் தப்பவில்லை. சாயங்காலம், 'மறுவாழ்வுத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் இனிதே தொடங்கியது' என்ற அறிக்கையை நெடுங்காலன்தான் எழுதியது. எழுதும்போது வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பழக்கத்தில் ஒருமுறை சரிபார்த்தது.

கொஞ்ச நாளில் நாலு குஞ்சும் பொரிந்து, கறையான் தின்று கொழுகொழுவென்று வளர்ந்தன.

"அப்பா என்ன வேலை பார்க்கிறார்னு பசங்க கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டது மேகலை.

"உண்மையைச் சொல்லித்தான் உங்களையெல்லாம் காப்பாத்தினார்னு சொல்லு," என்றது நெடுங்காலன். "அதுல ஒரு வார்த்தையும் பொய் இல்லையே."

நீதி: உண்மையைத் தாராளமாகப் பேசலாம், அதற்குமுன், நாம் சொல்வதை ஒருவரும் நம்பாதபடி ஒரு நல்ல வேலையில் சேர்ந்துகொள்ள வேண்டும்.