இருமலுக்கு ஒரு நூலகம்

"சாய்ஞ்சு உக்காந்தா இருமல் கூடுதா, குறையுதா?" என்று கேட்டாள் சுலேகா சமாத்தார்.

துர்காபத லாஹிரி குரங்குக் குல்லாவைக் காதுக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, கண்ணை மூடி யோசித்தார். "கூடுது."

"எந்தப் பக்கம் சாய்ஞ்சா?"

"கங்கைப் பக்கம்."

முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவளுக்கு அதை இடது என்று மாற்றிக்கொள்ள அதிக நேரம் ஆகவில்லை. முதல் மருந்துப் புத்தகத்தைப் புரட்டினாள். இடது பக்கம் சாய்ந்தால் கூடும் இருமலுக்கு பாஸ்பரஸ் என்று அது அடித்துச் சொன்னது. இரண்டாவது புத்தகத்தைப் புரட்டினாள். அது அவ்வளவே தைரியமாக பல்சாட்டில்லா என்றது.

லாஹிரி இரண்டு புத்தகத்துக்கும் மரியாதையாக ஒருமுறை இருமினார்.

எங்கள் சிராம்பூரில் தெருவுக்கு நாலு பேராவது சட்டைப்பையில் ஹோமியோபதிச் சர்க்கரை உருண்டைச் சீசா வைத்திருப்பார்கள். படிக்காமலே மருந்து கொடுப்பார்கள். சுலேகாவுக்கு அது பிடிக்காது. ஓய்வு பெற்ற மறுமாதமே மாலைக் கல்லூரியில் ஹோமியோபதி படிக்கச் சேர்ந்தாள். "இந்த வயசுல பரீட்சையா?" என்று கூட வேலை பார்த்த டீச்சர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதனாலேயே பரீட்சையில் தேறியாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

கல்லூரியில் பாடம் எடுத்த முகுந்த பாக்சி டாக்டருக்கு ஒரே ஒரு சட்டம். "மூணு புத்தகம் ஒரே மருந்தைச் சொல்லணும். அதுவரைக்கும் யாரும் சீசாவத் தொடக்கூடாது." அப்படி ஒரு நோயாளியையாவது தீர ஆராய்ந்து முடித்தவர்களைத்தான் பரீட்சைக்கு அனுப்புவார்.

நோயாளி கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஹோமியோபதியில் நோயை மட்டும் கேட்டால் போதாது. ஆசை, பயம், கோபம், கனவு எல்லாம் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி இரண்டாம் கேள்வியில் எழுந்து போனாள். தலைவலி என்று சொன்ன மீன்காரி கனவு வரைக்கும் தாக்குப்பிடித்தாள். "கனவுல நீங்கதான் வர்றீங்க டீச்சர். மீனுக்குக் கண்ணு சரியில்லன்னு சொல்லிட்டே வர்றீங்க" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனவள் அப்புறம் அந்தத் தெருவுக்கே வரவில்லை.

லாஹிரி மட்டும்தான் ஓடவில்லை. எங்கள் பேட்டைச் சங்கத்தின் தலைவர், எழுபத்தாறு வயது. மருமகள் மஹுவா சாயங்காலம் அவரைக் கைபிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போவாள். அவர் இருமிக்கொண்டே உள்ளே வருவார். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தார்.

"என்ன சாப்பாட்டு மேல ஆசை வருது, ஐயா?"

"என்ன குடுக்கறாங்களோ அதத் தவிர எல்லாத்து மேலயும்."

"என்ன குடுக்கறாங்க?"

"வேகவெச்ச பப்பாளிக்காய்."

சுலேகாவின் கணவர் பரிதோஷுக்கு இதைக் கேட்டு நெஞ்சு உருகிவிட்டது. சணல் மில்லிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சமையலறையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்ட மனுஷர் அவர். பட்டாணி வைத்துப் பொரித்த கச்சோரியும் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு தமும் கொண்டுவந்து வைத்தார். லாஹிரி சாப்பிட்டார். பிறகு தன் பால்ய காலத்துப் பயங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அன்றைக்குப் பயம் மட்டும்தான் முடிந்தது. கோபத்துக்கு மறுநாள் வரச் சொன்னாள்.

இரண்டு புத்தகத்துக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஒன்று வேண்டியிருந்தது. சுலேகா ரயிலேறி, கல்கத்தாவில் பழைய புத்தகக் கடைகள் இருக்கும் காலேஜ் ஸ்ட்ரீட் போனாள். நடைபாதைக் கடைக்காரன் அடியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை உருவித் தூசி தட்டிக் கொடுத்தான். அது ஸ்பாஞ்சியா என்றது.

"இப்ப மூணு புத்தகம், மூணு மருந்து. என்ன பண்றது சார்?" என்று பாக்சியிடம் போய் நின்றாள்.

"இன்னும் நல்ல புத்தகமாப் பாரு" என்றார் அவர்.

அவள் பார்த்தாள். மருந்துகளின் குணம் சொல்லும் புத்தகங்கள், அறிகுறியை வைத்து மருந்து தேடும் அகராதிகள், அந்த அகராதிகளில் உள்ள பிழைகளைச் சொல்லும் அகராதிகள் எல்லாம் வந்து சேர்ந்தன. பழைய டாக்டர் ஒருவர் காலமான வீட்டில், தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று ஒரு அலமாரி நிறையக் கொடுத்தார்கள். அவை சைக்கிள் வண்டியில் வந்து இறங்கின. சாப்பாட்டு மேசை காணாமல் போனது. பரிதோஷ் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டார்.

"ஒரு இருமலுக்கா இவ்வளவு?" என்று கேட்டார்.

"ஒரே ஒரு புத்தகம் வெச்சிருக்கறவன்தாங்க சந்தேகமே இல்லாம கொல்றான்" என்றாள் சுலேகா.

புத்தகங்கள் சமையலறைக்குள் நுழைந்தபோதுதான் தகராறு தொடங்கியது. பாத்திர அலமாரியின் மேல்தட்டுகளை அகராதிகள் எடுத்துக்கொண்டன. குக்கர் ஆவியில் அட்டைகள் ஊறின. ஊறிய அட்டையில் வெள்ளிப்பூச்சி வந்தது. பூச்சிக்குப் பயந்து எல்லாத் தட்டிலும் அந்துருண்டை போட்டாள்.

மறுநாள் வகுப்பில் பாக்சி முகர்ந்து பார்த்தார். "உன் புடவையில என்ன நாத்தம்? அந்துருண்டையா? மருந்துப் பெட்டி அதே வீட்லதான் இருக்கா? அப்ப அந்த வாடையில மருந்து செத்து, இனிமே சர்க்கரை மட்டும்தான் இருக்கும்."

புது மருந்து வாங்கினாள். அதை, காற்றோட்டத்தால் அந்துருண்டை வாடை எட்டாத ஒரே இடமான சமையலறை ஜன்னல் மாடத்தில் வைத்தாள். ஆனால் வெங்காயத்தின் வாடையும் ஆகாது, பூண்டும் ஆகாது, பெருங்காயம் ஆகவே ஆகாது என்று மூன்று புத்தகங்கள் சொல்லின. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மூன்றும் ஒத்துப்போயின.

"இன்னைலேருந்து சமையல்ல வெங்காயம், பூண்டு, பெருங்காயம் கிடையாது" என்று சொன்னாள்.

பரிதோஷ் கரண்டியை அடுப்பு மேடையில் மெதுவாக வைத்தார். அவர் கோபப்பட்டுக் கத்துகிற ஆளில்லை. "சுலேகா, ஒண்ணு இந்த வீட்ல உன் புத்தகம் இருக்கட்டும். இல்ல என் அடுப்பு இருக்கட்டும். ரெண்டும் சேர்ந்து இருக்காது."

"பரீட்சை முடியறவரைக்குங்க."

"உன் பரீட்சை அவர் இருமல் முடிஞ்சாத்தானே. அது என்னைக்கு முடியும்?"

அன்று சாயங்காலம் லாஹிரி முன்னால் வெறும் அவல் வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு அதுவரைக்கும் இல்லாத அளவுக்கு ஒரு இருமல் வந்தது. சுலேகா முதுகைத் தடவிக்கொடுத்தாள். மூச்சு வந்ததும் அவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசை இருந்த இடத்தில் இருந்த புத்தகங்கள் மேல் வைத்தார்.

"சங்கத்துக் கீழ்ரூம் சாவி. எல்லாத்தையும் அங்க கொண்டுபோய் வை. புத்தகம் பூரா அங்க, மருந்து இங்க ஹால்ல. பரிதோஷ், நீ வெங்காயத்த வதக்கு."

இத்தோடு தீர்ந்திருக்கலாம். ஆனால் அந்தக் கீழ்ரூமில் கேரம் விளையாடுகிற பட்டாளம் ஒன்று இருந்தது. அதன் தலைவன் போல்ட்டு, முப்பது வயசு, எலக்ட்ரிக் கடை வைத்திருந்தான். சுலேகா அலமாரியோடு வந்து இறங்கியதைப் பார்த்ததும் பொதுக்கூட்டம் வேண்டும் என்று கையெழுத்து வாங்கிவிட்டான்.

கூட்டத்தில் அவன் எழுந்து பேசினான். "சங்கத்து ரூம் எல்லாருக்கும் பொது. ஒரு டீச்சரோட பழைய புத்தகத்துக்கு அது குடோன் இல்ல. அந்தப் புத்தகத்த யாரு படிக்கப் போறாங்க?"

கைதட்டல் எழுந்தது. லாஹிரி தலைவர் நாற்காலியில் இருந்து இருமிப் பார்த்தார். அது எடுபடவில்லை.

சுலேகா எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் நின்றவள்தான். ஆனால் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், இவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"போல்ட்டு, நீ எட்டாவதுல பிரம்மபுத்திராவ பீகார் வழியா விட்ட. ஞாபகம் இருக்கா?"

கூட்டம் சிரித்தது. அவன் காது சிவந்தது.

"நான் அடிக்கல. அட்லஸைக் குடுத்து, நீயே பாத்துக்கன்னு சொன்னேன். நீ பாத்த. அதுக்கப்புறம் நீ தப்பு விடல. இந்தப் பேட்டையில எல்லார் பையிலயும் ஒரு சீசா இருக்கு. யாருக்கு எதக் குடுக்கறோம்னு பாத்துக்க ஒரு புத்தகம் யார் வீட்லயும் இல்ல. யார் வந்தாலும் நீயே பாத்துக்கன்னு சொல்றதுக்குத்தான் இந்த ரூம். கேரம்போர்டு எங்கயும் போக வேணாம். அது நடுவுல இருக்கட்டும், புத்தகம் சுவரோரமா இருக்கட்டும். ராத்திரி உங்க லைட்டுல நாங்க படிப்போம்."

கேரம் பட்டாளத்தின் அம்மாக்கள் பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கினார்கள். அவர்களைப் பார்த்துப் பட்டாளமும் தூக்கியது. கடைசியில் போல்ட்டு, "லைட்டு பத்தாது டீச்சர். நான் ரெண்டு ட்யூப்லைட் சேத்துப் போட்டுத் தர்றேன்" என்றான்.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சுலேகா தரையில் நடக்கவில்லை.

புத்தகங்கள் முதல்முறையாக ஒரே அறையில், முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. இதுவரை ஒன்று கட்டிலுக்கடியிலும் ஒன்று அரிசி டப்பா மேலும் இருந்ததால் ஒன்றோடொன்று ஒப்பிடவே முடிந்ததில்லை. நின்ற இடத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இடது பக்கம், சாயங்கால வேளை, பேசப் பேச அதிகம், தனிமை பிடிக்காது, காரத்தில் ஆசை. முதல் அகராதி பாஸ்பரஸ் என்றது. எதிர்ச்சுவரில் இருந்த குணநூலும் பாஸ்பரஸ் என்றது. காலமான டாக்டரின் அலமாரியிலிருந்து வந்த பூச்சி அரித்த புத்தகம், பூச்சி விட்டுவைத்த பாதிப் பக்கத்தில், அதையே சொன்னது.

லாஹிரியின் நாக்கில் சின்னஞ்சிறு உருண்டைகளை எண்ணி வைத்தாள்.

"இனிமே கேள்வி கிடையாதா டீச்சர்?" என்று கேட்டார் அவர்.

"மருந்து குடுத்தாச்சே, ஐயா. இனிமே எதுக்கு?"

அவர் இருமினார். மிக மோசமான இருமல். சுலேகாவின் முகம் வாடிவிட்டது. பரிதோஷ்தான் சமாதானம் சொன்னார்.

"மருந்து வேலை செய்ய நேரம் குடும்மா. அதுசரி ஐயா, தலைவர் தினமும் நூலகத்துல வந்து உக்காரணும். இல்லேன்னா பசங்க புத்தகத்த அடுக்கி அது மேல போர்டை ஏத்திடுவானுங்க. நான் அங்கயே மூலையில ஸ்டவ் வெச்சு எல்லாருக்கும் டீயும் கச்சோரியும் போடறதா இருக்கேன்."

"தினமுமா?"

"தினமும்."

மறுநாள் இருமல் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பாக்சி டாக்டரே நேரில் வந்து லாஹிரியின் முதுகில் காது வைத்துக் கேட்டுவிட்டு, "இவ்வளவு புத்தகம் தேடி ஒரு மருந்து குடுத்த மாணவி எனக்கு வாய்ச்சதில்ல" என்றார். சுலேகா பரீட்சை எழுதினாள். வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினாள். சிரித்த டீச்சர்களில் இரண்டு பேர் அடுத்த வருஷத்துக்குச் சேர்க்கை வாங்கிவிட்டார்கள்.

சரஸ்வதி பூஜையன்று நூலகத்தைத் திறந்தார்கள். அன்றைக்குப் புத்தகத்தை அம்மன் காலடியில் வைக்க வேண்டும், யாரும் படிக்கக் கூடாது. ஆகவே திறப்புவிழா நாளில் நூலகத்தில் யாராலும் ஒரு பக்கம்கூடப் புரட்ட முடியவில்லை. அது யாருக்கும் குறையாகப் படவில்லை. பெண்களெல்லாம் மஞ்சள் புடவை. போல்ட்டுவின் ட்யூப்லைட் பட்டப்பகலில் எரிந்தது. பரிதோஷ் அரிசியும் பருப்பும் சேர்த்துக் கிண்டிய கிச்சுடிக்கு ஊரே வரிசையில் நின்றது.

லாஹிரி மைக்கைப் பிடித்தார். "இந்த நூலகம் இருக்கறதுக்கு என் இருமல்தான் காரணம். என் இருமல் இல்லாமப் போனதுக்கு இந்த நூலகம்தான் காரணம்." அவர் சுலேகாவை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார். கைதட்டல் அடங்கவே இல்லை. சுலேகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவள் கீழே இறங்கி வந்து, பாக்குமட்டைத் தட்டில் கிச்சுடி சாப்பிட்டுக்கொண்டிருந்த மஹுவாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மஹுவா கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டாள். "மாமா என்னக்கா இருமல் இருமல்ங்கறாரு? எங்க வீட்ல அவரு ஒரு தடவகூட இருமினதில்லையே."