நெகட்டிவ் மார்க்குக்குப் பயந்த குடும்பம்

அன்பும் மதிப்பும் நிறைந்த அண்ணாவுக்கும் அண்ணிக்கும் தங்கையின் வணக்கம். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நான் எழுதுவதைக் கடவுளும் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறார் என்று நம்புகிறவள் என்பதால் திருத்திச் சொல்கிறேன்: நான் நலம், பாப்பா பாதி நலம், இவருக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது. அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா? அவர்களுக்காகத் தினமும் பிரார்த்திக்கிறேன், வரிசையில் பாப்பாவின் பரீட்சைக்கு அடுத்தபடியாக.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் நான் ஆரம்பிக்கிற வாக்கியத்தை நீங்கள் முடித்துவிடுகிறீர்கள் அண்ணா. கடிதத்தில்தான் அது முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டு, "பாப்பாவை என் கம்பெனிக்கு அனுப்புறியா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. "சரி சரி, புரிஞ்சுது, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நாலே நாளில் அண்ணி ஒரு படம் அனுப்புகிறார்கள். உங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி அடுக்குகிற கூடத்தின் மூலையில் புதிதாய் ஒரு கண்ணாடி அறை, உள்ளே சுழல் நாற்காலி, அதற்கு இன்னும் பிரிக்காத பிளாஸ்டிக் உறை, பக்கத்தில் நீங்கள் ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி நிற்கிறீர்கள். அண்ணா, நான் பேசாமல் இருந்தது சம்மதத்தால் இல்லை. நெகட்டிவ் மார்க்குக்குப் பயந்து.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். பாப்பா மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத்தேர்வு எழுதப்போகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும், அந்தப் பரீட்சையை இந்த வீடே எழுதுகிறது என்பது தெரியாது. காலையில் படித்துவிட்டுச் சரக்கு அனுப்புகிற ஆபீஸ் வேலைக்கு ஓடுகிறாள், வந்ததும் மறுபடி புத்தகம், சாப்பாட்டு மேஜை முழுக்க மாதிரி வினாத்தாள், நாங்கள் துணி தேய்க்கிற பலகையில் தட்டு வைத்துச் சாப்பிடுகிறோம், ஃபிரிட்ஜ் கதவில் எல்லாம் சூத்திரம், பால் எடுக்கப் போனால் வட்டி விகிதம் கண்ணில் படுகிறது. நான் அதிகம் பள்ளிக்கூடம் போனவள் இல்லை, வீட்டுக்குள் வந்த எந்தத் தாளையும் விடாமல் படித்துப் படித்தே ஏதோ கொஞ்சம் தேறியவள், ஆகவே இதையும் விடவில்லை, அவள் தூக்கிப்போட்ட விதிமுறைத் தாளை எடுத்துப் படித்தேன். அதில் இருந்தது அந்த விஷயம்: சரியான விடைக்கு மார்க் உண்டு, தப்பான விடைக்கு வாங்கிய மார்க்கிலேயே வெட்டு உண்டு, அதுதான் நெகட்டிவ் மார்க், விட்டுவிட்ட கேள்விக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. வீட்டுக் கணக்கு எழுதியே வளர்ந்த எனக்கு இதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நியாயமான ஏற்பாட்டை யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லவில்லையே! இத்தனை வருஷமும் தெரியாத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லித்தானே அண்ணா நான் எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்?

இதை நான் மனதோடு வைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். சாப்பிடும்போது இவரிடம் சொல்லித் தொலைத்தேன். இவர் காப்பீட்டு ஆபீஸில் தலை நரைத்தவர், எந்த விதியைச் சொன்னாலும் உடனே அமலுக்குக் கொண்டுவந்துவிடுவார். அன்றைக்கே, "சமையல் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அடுத்த கேள்வி" என்றார். மறுநாள் ஆபீஸில் மேலதிகாரி இவரைக் கூப்பிட்டு, "இந்த ஃபைல் ஏன் இத்தனை நாளா உங்க மேஜையில தூங்குது?" என்று கேட்டிருக்கிறார். "இதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடலாம் சார்" என்றாராம் இவர். சாக்குப்போக்கையே கேட்டுப் பழகிய அந்த மனிதர் திகைத்துப்போய் நிஜமாகவே அடுத்ததுக்குப் போய்விட்டார். அதிலிருந்து ஆபீஸில் இவரை ஒரு ஞானி என்று நினைக்கிறார்கள். குடும்பக் கஷ்டம் உள்ளவர்கள் இவர் மேஜைக்கு வந்து அழுகிறார்கள், இவர் ஒன்றும் சொல்வதில்லை, மனசு லேசாயிற்று என்று போகிறார்கள்.

ஆனால் பல் டாக்டரிடம் இது எடுபடவில்லை. "எந்தப் பல்லு வலிக்குது?" என்று கேட்டிருக்கிறார். "உறுதியாத் தெரியலை டாக்டர். தப்பாச் சொன்னா நஷ்டம் எனக்குத்தான்." "மேல்வரிசையா, கீழ்வரிசையாவது சொல்லுங்களேன்." "ஒவ்வொண்ணாக் கழிச்சுகிட்டு வாங்க, கடைசியா மிஞ்சுறதுதான் விடை." அது பாப்பா படிக்கிற முறையாம். டாக்டரும் நல்ல மனிதர், குட்டிக் கம்பியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டே வந்திருக்கிறார். விடை கிடைத்தபோது இவர் போட்ட கூச்சலில், வெளியே காத்திருந்த ஒரு அம்மாள் தனக்கு வலியே இல்லை என்று எழுந்து போய்விட்டாராம். வீங்கின கன்னத்தோடு வந்து நின்று, "மெத்தட் கரெக்ட்" என்றார். நான் என்ன செய்ய, கடவுளே என்று வெந்நீர் வைத்தேன்.

கடவுள் என்றதும் அடுத்த வம்பு. இந்தப் பரீட்சையில் நூற்றுக்கு இத்தனை என்று பார்ப்பதில்லையாம். "எனக்குக் கீழ எத்தனை பேருங்கறதுதான்மா கணக்கு" என்றாள் பாப்பா. மறுநாள் விடியலில் கைகூப்பி நின்றால் வாயில் வார்த்தை வரவில்லை. இவள் மேலே போக வேண்டும் என்று கேட்டால் யார் வீட்டுப் பிள்ளையோ கீழே போக வேண்டும் என்று கேட்டதாகத்தானே ஆகிறது? அந்தப் பிள்ளையின் அம்மாவும் இதே நேரத்தில் எங்கேயோ கைகூப்பி நிற்பாள். வரவும் செலவும் சரிபார்க்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை, பிரார்த்தனை மட்டும் விலக்கா? ஆகவே, "எல்லாப் பிள்ளைகளும் நல்லா எழுதட்டும் சாமி" என்று வேண்டிக்கொண்டேன். அந்த வாரம் நடந்த மாதிரித் தேர்வில் பாப்பா சடாரென்று கீழே இறங்கிவிட்டாள். "நான் எப்பவும் போலத்தான்மா எழுதினேன், மத்தவங்க எல்லாரும் திடீர்னு ஏறிட்டாங்க" என்றாள். நான் நடந்ததை ஒப்புக்கொண்டேன். "அம்மா! எல்லாரையும் ஏத்திவிட்டா நான் எங்கம்மா போவேன்?" என்று அவள் அலறினாள். இப்போது கொஞ்சம் திருத்தி வேண்டுகிறேன்: "யாருக்கும் தலைவலி வரணும்னு நான் கேக்கலை சாமி. ஆனா வர்றதா இருந்தா நீ தடுக்க வேண்டாம்." இது பாவமா என்று அண்ணியிடம் கேட்டுச் சொல்லுங்கள், அவர்களுக்கு இதெல்லாம் தெரியும்.

இந்த நிலைமையில்தான் அண்ணா உங்கள் போன் வந்தது. எனக்கு விடை தெரியவில்லை, விட்டுவிட்டேன். நீங்கள் கண்ணாடி அறை கட்டிவிட்டீர்கள்.

அண்ணி அனுப்பிய படத்தைப் பாப்பா ரொம்ப நேரம் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவிடமிருந்து தொற்றிக்கொண்டது. பயிற்சி கொடுக்கிற சார் வீட்டில் நேர்முகத்தேர்வு நடத்திப் பழகச் சொல்லியிருந்தார், சரி, அந்தச் சாக்கில் கேட்டுவிடலாம் என்று நானும் இவரும் சோபாவில் அதிகாரிகளாக உட்கார்ந்தோம். பாப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்று, "உள்ளே வரலாமா?" என்றாள். "வா, கதவைச் சாத்து, கொசு வருது" என்றார் இவர். நான் தாளைப் பார்த்து, "உங்களோட பலவீனம் என்ன?" என்று கேட்டேன். அவள் யோசிப்பதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை, "காய்ஞ்ச துணியை மடிக்கிறதில்லை, ஈரத் துண்டைக் கட்டில்ல போடுறது, போன எடத்துலேர்ந்து போன் பண்றதில்லை" என்று நானே சொல்லிவிட்டேன். "அம்மா, நீ கேக்கற ஆள்" என்றாள். அப்புறம்தான் தாளில் இல்லாத கேள்வியைக் கேட்டேன்: "சொந்த மாமாவே ஒரு கம்பெனியை வச்சுகிட்டுக் காத்திருக்கார். அப்புறம் எதுக்கு உங்களுக்கு இந்தப் படிப்பு?"

"இதைக் குறிச்சு வச்சுட்டுப் போயிடலாம்மா. அப்புறமா வரலாம்" என்றாள். கம்ப்யூட்டரில் எழுதுகிற பரீட்சையில் அதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறதாம்.

"நேரம் முடிஞ்சா தானா மூடிக்கும், திரும்பி வர முடியாதுன்னு நீதானே சொன்னே?" என்றேன்.

சட்டைக் கையை மடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "சின்ன வயசுல லீவுக்குப் போகும்போதே மாமா கம்பெனியில ஒட்டுற மெஷின்கிட்ட இருக்கறவர் என்னைப் பாத்து எழுந்து நின்னார்மா. நான் கவுன் போட்டுகிட்டு இருந்தேன், எனக்கு அவரோட பொண்ணு வயசு. இப்ப போய் அந்தக் கண்ணாடி ரூம்ல உக்காந்தா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாமாவுக்கு மட்டும்தான் தெரியாது. வரலைன்னு எழுதிடு. நல்லவிதமா எழுது."

நல்லவிதமாக எழுதுவது எப்படி என்று தெரியாமல்தான் இத்தனை பக்கம் ஓட்டினேன் அண்ணா. பிள்ளை இல்லையே என்று நீங்கள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பாப்பா பிறந்தபோது அட்டையிலேயே தொட்டில் செய்து தூக்கிக்கொண்டு வந்தீர்கள், நாங்கள் சிரித்தோம், நீங்களே அதில் ஏறி உட்கார்ந்து காட்டினீர்கள், அது தாங்கியது. அப்படிப்பட்டவருக்கு இதை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் நீங்கள் ஒரே வார்த்தையில் கேட்டீர்கள், ஒரே வார்த்தையில் எழுதுகிறேன்: இல்லை. கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள். பேசாமல் இருப்பதற்கு எங்கள் வீட்டிலேயே ஆள் போதும்.

எல்லாம் வல்லவன் உங்களுக்குப் பொறுமையையும், அண்ணிக்குப் படியேறுகிற முழங்காலையும், கம்பெனிக்குக் குறையாத ஆர்டரையும் அருளட்டும். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

என்றும் உங்கள் அன்புத் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இவர் எடுத்தார். நீங்கள்தான் என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதி, இவர்தான் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்கிறவர் இல்லையே. இவரோ, "வருவா மச்சான், கண்டிப்பா வருவா" என்று சொல்லி வைத்துவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து ரொம்ப நாளைக்கப்புறம் வந்த முதல் பதில், அதுவும் தப்பு! "ஏங்க, என்ன காரியம் பண்ணீங்க?" என்று கத்தினேன். "என்னை என்ன பண்ணச் சொல்றே? 'மாப்ளே, நான் அவசரப்பட்டுட்டேனா'ன்னு கேக்கறார், குரல் உடைஞ்சுபோச்சு. அதுக்கு எப்படிப் பேசாம இருக்கறது?" என்கிறார்.

பாப்பா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள். சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். "வருவான்னு மட்டும்தானே சொன்னீங்க? எப்போன்னு சொல்லலையே?" என்றாள். "அவர் கேக்கலையே" என்றார் இவர். "அப்ப அதை நான் சொல்றேன். படிச்சு முடிச்சுட்டு வரேன். முதல் வேலை அந்த மெஷின்கிட்ட, அவர் சொல்லிக்கொடுக்கட்டும்."

ஆகையால் அண்ணா, மேலே "இல்லை" என்று இருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். வேறு கடிதம் எழுதலாம்தான், இவ்வளவு தாளை வீணாக்க எனக்கு மனம் வராது. பாப்பா உங்களுக்கு ஒன்றே ஒன்று எழுதச் சொல்கிறாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அதுவரைக்கும் மாமாவை உடம்பை நல்லாப் பாத்துக்கச் சொல்லு. இந்த வருஷம் இடம் கிடைக்கலைன்னா நான் அடுத்த வருஷமும் எழுதுவேன், அதனால ரொம்பவே நல்லாப் பாத்துக்கச் சொல்லு."